சகலையின் விரல்

எனக்குப் பிடித்த சாப்பாடு எது என்று யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். ஒரு காலத்தில் கேட்டிருந்தால் மூச்சு விடாமல் சொல்லியிருப்பேன். பெரிய ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட சாண்ட்விச் கடை ஒன்று உண்டு. பொரித்த கோழியை ரொட்டிக்குள் வைத்து, மேலே வெள்ளையாக ஒரு சாஸை ஊற்றி, காகிதத்தில் சுற்றித் தருவார்கள். கடித்தால் சாஸ் முழங்கை வரை வழியும். வெட்கமே இல்லாமல் நக்கிக்கொள்வேன். அதற்காக வீட்டில் மதியச் சாப்பாட்டைத் தொடாமல் எழுந்து வந்த நாளெல்லாம் உண்டு.

அந்தக் கடையின் சிம்னியை நானும் என் சகலையும் கழற்றிக் கழுவிய அன்றோடு அது முடிந்தது. கோழி பொரிக்கிற சட்டிக்கு நேர் மேலே, ஒரு வருஷத்து எண்ணெய் கெட்டியாகித் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் இரண்டு கரப்பான்கள் சிக்கிச் செத்துக் கிடந்தன. மூன்றாவது ஒன்று பாதிதான் இருந்தது. மீதிப் பாதி எங்கே போயிருக்கும் என்று நான் கேட்கவில்லை. சகலையே சொன்னார். "வேற எங்க போகும்? உன் சாண்ட்விச்சுக்குள்ளதான்" என்றார்.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். என்னை விட எட்டு வயது மூத்தவர். இந்த வேலையில் என்னை இழுத்துவிட்டதே அவர்தான். ஹோட்டல் அடுப்புக்கு மேலே தகரக் கூரை மாதிரி ஒன்று தொங்குமே, அதுதான் சிம்னி. அடுப்பிலிருந்து எழும்புகிற எண்ணெய்ப் புகை எல்லாம் அதற்குள் போய், குழாய் வழியாக மொட்டை மாடிக்கு வெளியேற வேண்டும். ஆனால் ஒழுங்காக வெளியேறாது. பாதி அங்கேயே படியும். முதலில் தேன் பதத்தில் இருக்கும், பிறகு தார் பதத்துக்கு வரும், பிறகு சூட்டில் இளகிக் கீழே கொதிக்கிற சட்டிக்குள்ளேயே திரும்பச் சொட்டும். ஜனங்கள் கீழே உட்கார்ந்து, "இந்தக் கடைக் கைப்பக்குவமே தனிதான்" என்பார்கள்.

பன்னிரண்டு வருஷமாக நாங்கள் இருவரும் ஊரில் உள்ள கடைகளின் சிம்னியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறோம். சகலை ஏணியில் ஏறுவார், நான் கீழே நின்று அடுப்பை பிளாஸ்டிக் போட்டு மூடி, சுடுதண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கை அறுக்கிற சோடாப் பொடியைக் கலந்து கொடுப்பேன். ஏறியதும் அவர் முதலில் சுரண்டியைத் தொட மாட்டார். கையுறையைக் கழற்றிவிட்டு, வலது கை ஆள்காட்டி விரலை சிம்னியின் மேல் விளிம்பில் வைத்து ஒரு இழு இழுப்பார். மேல் விளிம்பு என்பது கூரையை ஒட்டி இருக்கிற இடம். கீழே நிற்பவர்கள் கண்ணுக்கு அது தெரியாது. சமைக்கிறவர்கள் துடைப்பதெல்லாம் பளபளவென்று தெரிகிற முன்பக்கத்தை. சோதனைக்கு வருகிற அதிகாரிகூட அண்ணாந்து ஃபில்டரைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போய்விடுவார். மேல் விளிம்பில் துணி பட்ட ஒரு கடையைக்கூட நான் பார்த்ததில்லை. அப்படி ஓர் இடம் இருப்பதே சிம்னி கழுவுகிற எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

இழுத்த விரலை மூக்குக்குக் கொண்டுபோய் முகர்வார். பிறகு தீர்ப்பு வரும். "மீன். எண்ணெய் மாத்தி ஒம்பது நாள் ஆச்சு. நடுவுல எதையோ தீய விட்டிருக்கானுங்க." சமையல்காரர்கள் முகம் வெளுத்துப் போகும். அவர் சொன்னது தப்பாகப் போனதே இல்லை. கடைகளில் அவருக்கு 'விரல் சார்' என்றே பெயர். அதில் மரியாதையும் உண்டு, எரிச்சலும் உண்டு.

எங்கள் வேலை என்னவென்று தெரிந்தால் போதும், ஆட்கள் வந்து ஒட்டிக்கொள்வார்கள். எந்தக் கடையில் சாப்பிடலாம் சார்? எது நல்ல கடை? பதிலுக்குக் காத்திருக்கவும் மாட்டார்கள், தங்களுக்குப் பிடித்ததை அவர்களே அடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். மலைப்பக்கத்துக்காரர், ஆட்டுக்கறி என்றால் எங்கள் பக்கம்தான் என்பார். கடலோரத்துக்காரர் மீனைத் தவிர மற்றதெல்லாம் புல் என்பார். எங்கள் ஆபீசில் வேலைகளைப் பிரித்துக் கொடுக்கிற அம்மா, பஸ் நிலையத்துச் சுருட்டு ரொட்டிக்கு உயிரையே விடுவார். சகலை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கடைசியில் அந்தந்தக் கடையின் விளிம்பில் என்ன இருந்தது என்று மட்டும் சொல்வார். கேட்டவர்கள் அன்று மதியம் வெறும் டீயோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆபீஸ் அம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அவர் வெளியே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். இரண்டு அவித்த முட்டை, ஒரு வெள்ளரிக்காய், இரண்டும் தோலோடு. "தோலை நான் உரிக்கிறேன், உள்ள எவன் கையும் படல" என்பார். வேனுக்குள் உட்கார்ந்து அதை அவர் தின்பதைப் பார்த்தாலே எனக்குப் பசி போய்விடும்.

இவ்வளவு அருவருப்பையும் அந்த மனுஷன் கடையோடு விட்டுவிட்டு வந்திருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன். அவர் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டு போனார்.

அண்ணியின், அதாவது சகலையின் மனைவியின், சமையலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பார்க்கிற எல்லாச் சாப்பாட்டிலும் எனக்குக் கரப்பான் காலே தெரிகிறது. அண்ணி கையால் வதக்கிய கத்தரிக்காயில் மட்டும் அது தெரிந்ததில்லை. இந்த உலகத்தில் எனக்குக் குமட்டாத ஒரே சாப்பாடு அது. என் மனைவியும் அண்ணி பிறந்த வீட்டில்தான் பிறந்தாள், அதே தாயிடம்தான் கற்றுக்கொண்டாள், ஆனால் அந்தக் கை இவளுக்கு வரவில்லை. அதை அவளே சொல்வாள், அதனால் நானும் தைரியமாக எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு குடும்பமும் அவர்கள் வீட்டில் சாப்பிடுவது வழக்கம். எல்லாரும் தட்டின் முன்னால் உட்கார்ந்த பிறகு சகலை முக்காலியை இழுத்துப் போட்டு ஏறுவார். வீட்டு அடுப்புக்கு மேலே இருக்கிற சின்ன சிம்னியின் மேல் விளிம்பில் விரலை வைத்து இழுத்து, முகர்ந்து பார்த்து, விரலை அண்ணியின் முகத்துக்கு நேராக நீட்டுவார். "வெள்ளிக்கிழமை எண்ணெயத் திரும்ப ஊத்துன, இல்ல?" அண்ணி துணியை எடுப்பார். நாங்கள் சிரிப்போம். நான்தான் எல்லாரையும் விட உரக்கச் சிரிப்பேன்.

போகப்போக அண்ணி ஒரு வழி கண்டுபிடித்தார். பிழிந்த எலுமிச்சையின் தோலைச் சேர்த்து வைத்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு, அதில் துணியை நனைத்து, தினமும் சமையல் முடிந்ததும் முக்காலியில் ஏறி அந்த விளிம்பைத் துடைப்பார். துடைத்த துணியை அலசி நாலாக மடித்து ஜன்னல் கம்பியில் போடுவார். அதன் பிறகு விரலில் ஒன்றும் வரவில்லை. சகலை விரலைப் பார்ப்பார், "ம்" என்பார், உட்கார்ந்து சாப்பிடுவார். சாப்பாட்டில் குறை இருந்தால் சொல்வார், இல்லாவிட்டால் பேசாமல் எழுந்து போய்க் கை கழுவுவார். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் 'நல்லா இருக்கு' என்று ஒரு தடவை சொல்லி நாங்கள் யாரும் கேட்டதில்லை.

போன வருஷம் ஒரு நாள் என் மனைவி கதவைச் சாத்திவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். "ஏங்க, அக்கா வேலைக்குப் போறா. மார்க்கெட்டுக்குப் பின்னால ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை இருக்கில்ல, அங்க மதியச் சமையல் முழுக்க அவதான். அஞ்சு மாசமா."

"சகலைக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா விடுவாரா? கடைச் சமையல்னாலே வாந்தி எடுக்கிற ஆளு. தையல் கிளாஸ் போறேன்னு சொல்லி வச்சிருக்கா. நீங்க வாயத் திறந்தீங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு."

நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு தடவை மட்டும் தனியாக அந்தக் கடைக்குப் போனேன். ஆறு மேசை, சுவரில் ஒரு பலகை. சாப்பிட்டவர்கள் துண்டுக் காகிதத்தில் எதையாவது எழுதி அதில் குத்திவிட்டுப் போவார்கள். "இந்தக் கத்தரிக்காய்க்கு ரெண்டு பஸ் மாறி வர்றேன்." "சமைச்ச அம்மாவுக்குக் கையில மோதிரம் போடணும்." அண்ணி அடுக்களைக் கதவோரம் நின்று, நான் அவற்றைப் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் அவர் வீட்டில் பார்த்ததே இல்லை. ஆள் ஒரு சாண் உயர்ந்துவிட்ட மாதிரி இருந்தார்.

அதற்கு மூன்றாம் மாதம் அந்தக் கடையின் பெயர் எங்கள் வேலைப் பட்டியலில் வந்தது. கட்டடத்துச் சொந்தக்காரர் சிம்னியைப் பார்த்துச் சான்று தரச் சொல்லியிருக்கிறார். சிம்னி மோசமென்று எழுதினால் அடுப்பை எடுத்துவிட்டு, கடையில் பாக்கெட் சாண்ட்விச் மட்டும் விற்கச் சொல்லிவிடுவாராம். அப்படி ஆனால் அண்ணிக்கு அங்கே வேலை இல்லை. நான் ஆபீஸ் அம்மாவிடம் போய், இதை வேறு ஆட்களுக்குக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். சுருட்டு ரொட்டிக் கோபம் இன்னும் ஆறவில்லை போல. "உங்க ரெண்டு பேருக்கும்தான் போட்டிருக்கு" என்றார்.

மனைவி மூலம் அண்ணிக்குத் தகவல் சொன்னேன். மூணு மணிக்கு வருவோம், அதற்குள் கிளம்பிவிடச் சொல் என்றேன். இரவு மனைவி பதில் கொண்டு வந்தாள். "அவ கிளம்ப மாட்டாளாம். ஸ்டோர் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு இருப்பாளாம்."

"பைத்தியமா அவங்களுக்கு? எதுக்கு?"

"யார் சமையல்னு தெரியாமயாவது அவர் வாயால ஒரு நல்ல வார்த்தை வருதான்னு கேக்கணுமாம். ஒரே ஒரு தடவை கேட்டாப் போதுமாம்."

மறுநாள் மூன்று மணிக்குப் போனோம். கடையில் ஆள் இல்லை. கடைக்கார அம்மா மொட்டை மாடிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். சகலை சுவர்ப் பலகைக்கு முன்னால் நின்று ஒவ்வொரு துண்டாகப் படித்தார். ஸ்டோர் ரூம் கதவு அவருக்குப் பின்னால் நாலு அடியில் இருந்தது.

"ரெண்டு பஸ் மாறி வர்றானாம்யா" என்றார் சகலை. "நாக்கு செத்த பயலுக. இவனுங்களுக்கு வெந்நீர்ல உப்பப் போட்டுக் குடுத்தாலும் மோதிரம் போடுவானுங்க."

"மெதுவா பேசுங்க சகல."

"ஏன், பொய்யா சொல்றேன்? உனக்குத் தெரியாததா? போன வாரம் பாத்தோமே, எலி வால். அந்தக் கடையிலயும் இப்படித்தான் எழுதி ஒட்டியிருந்தானுங்க."

ஸ்டோர் ரூமில் ஏதோ டப்பா நகர்கிற சத்தம் கேட்டது. அவர் கவனிக்கவில்லை. அந்த நிமிஷம் அவர் பின்மண்டையில் ஒன்று போட வேண்டும் என்று என் கை துறுதுறுத்தது.

அடுக்களைக்குள் போனோம். நான் ஏணியைப் போட்டேன். சகலை ஏறிக் கையுறையைக் கழற்றி, மேல் விளிம்பில் விரலை வைத்து இழுத்தார். விரலைப் பார்த்தார். இன்னொரு இடத்தில் வைத்து இழுத்தார். பிறகு கையை எட்டின மட்டும் நீட்டி, சுவர் மூலை வரைக்கும் இழுத்தார்.

"என்ன சகல?"

விரலை மூக்கில் வைத்து முகர்ந்தார். வைத்த விரலை எடுக்காமல் அப்படியே நின்றார். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவர் மெல்லத் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கம்பியில் ஒரு துணி நாலாக மடித்துப் போடப்பட்டிருந்தது. அடுப்போரத்துப் பாத்திரத்தில் எலுமிச்சைத் தோல் மிதந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டு வருஷத்தில் எந்தச் சமையல்காரரும் துடைக்காத இடத்தை ஒருத்தர் துடைத்திருக்கிறார். அப்படி ஓர் இடம் இருப்பது தெரிய வேண்டுமென்றால், ஒன்று சிம்னி கழுவுகிறவனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவன் விரலுக்குப் பயந்து வாழ்ந்தவராக இருக்க வேண்டும். அண்ணி எல்லாவற்றையும் மறைத்திருந்தார். தன் செருப்பைக்கூட உள்ளே எடுத்து வைத்திருந்தார். ஆனால் துடைக்காமல் விட அவருக்கு மனம் வரவில்லை.

சகலை ஏணியிலிருந்து இறங்கினார். கடைக்கார அம்மா பயந்துபோய், "ஏதாவது பிரச்சனையா சார்?" என்று கேட்டார்.

"இங்க சமைக்கிறவங்க இருக்காங்களா?" என்றார் சகலை. குரல் எப்போதும் கடைகளில் கேட்கிற மாதிரி கட்டையாகத்தான் வந்தது. அவருக்கு வேறு குரல் கிடையாது. விரல் இன்னும் முன்னால் நீட்டியபடியே இருந்தது. கீழே இறக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஸ்டோர் ரூம் கதவு திறந்தது. அண்ணி வெளியே வந்தார். வந்தவர் கணவனின் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தார். பார்த்த உடனே, "இல்லீங்க, துடைச்சேன். இன்னைக்கு ரெண்டு தடவ துடைச்சேன்" என்றார்.

ஏன் இங்கே வந்தாய் என்று சகலை கேட்கவில்லை, பொய் சொன்னதற்கு அண்ணியும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஐம்பது வயது நெருங்குகிற மனுஷி, ஊரே துண்டுக் காகிதம் எழுதிப் புகழ்கிற கைக்குச் சொந்தக்காரி, அந்தக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அடி விழும் என்று நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளை போல நின்றார். கடைக்கார அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

எலி வாலைப் பார்த்திருக்கிறேன், பாதிக் கரப்பானைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வந்த குமட்டல் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. சகலை மேல் மட்டும் என்று சொன்னால் பொய். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த விரலைப் பார்த்து யார் உரக்கச் சிரித்தது என்று எனக்குத் தெரியும்.

சகலை விரலை மடக்கினார். அந்தக் கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சான்றுத் தாளை இடது கையால் என்னிடம் நீட்டி, "குறை ஒண்ணும் இல்லன்னு எழுது" என்றார். எழுதினேன். பிறகு அவர் வெளியே போய், ஆறு மேசையில் ஒன்றில் உட்கார்ந்தார். கடையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"மிச்சம் ஏதாவது இருக்கா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார்.

அண்ணி ஒரு தட்டில் சோறும் கத்தரிக்காயும் வைத்துக் கொண்டுவந்தார். ஆறிப்போயிருந்தது. சகலை முகர்ந்து பார்க்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டார். அண்ணி பக்கத்தில் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பலகையைப் பார்ப்பது போல முதுகைக் காட்டி நின்றேன்.

"நல்லா இருக்கு" என்றார் சகலை.

இருபத்து மூன்று வருஷம் கழித்து வந்த வார்த்தை. திரும்பி அண்ணியைப் பார்த்தேன். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. அந்த வார்த்தைக்குப் பின்னால் இன்னொன்று வரும் என்று காத்திருந்தார். வரவில்லை என்றதும் அவரே கேட்டார்.

"சொல்லுங்க. என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல. நல்லா இருக்குன்னுதான் சொல்றேன்."

அண்ணி சரி என்று தலையை ஆட்டினார். காலித் தட்டை அவர் முன்னாலிருந்து எடுத்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய், எங்கே அழுக்கு இருக்கிறதென்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.